சங்கைக்குரிய

மசூர் ஹாஜியார் நாவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றதும், நஸீமுக்கு வீடு மாறுகிற யோசனை வந்துவிட்டது. அவன் குடியிருப்பது ஹாஜியாரின் வாடகை வீட்டில். அவன் எழுதிய நாவலின் வில்லனும் அவரேதான். பேரை மட்டும் காஸிம் ஹாஜியார் என்று மாற்றியிருந்தான். அவர் செய்த வேலைகளை மாற்றவில்லை.

“முழுக்க வாசிச்சன் தம்பி. பக்கத்துக்குப் பக்கம் ‘சங்கைக்குரிய காஸிம் ஹாஜியார்’ எண்டு மரியாதையா எழுதியிரிக்காய். பள்ளிவாசல் சீமெந்தத் தன்ட வீட்டுக்கு ஏத்தக்குள்ளயும் சங்கைக்குரிய. தாய் தகப்பன் இல்லாத எத்தீம் புள்ளைகள்ட காணிய எழுதி எடுக்கக்குள்ளயும் சங்கைக்குரிய. என்னடா இது?”

நஸீம் ஓரடி பின்வாங்கினான். “அது சும்மா கற்பனை, ஹாஜியார்.”

“கற்பனையா? கல்முனையில ஒருத்தருக்கும் விளங்காதெண்டு நினைச்சியா? அது அந்த லத்தீப் கள்ளன்தானே!”

லத்தீப், பள்ளித் தலைவர் பதவிக்கு ஹாஜியாரோடு மல்லுக்கு நிற்பவர். நஸீமுக்குப் போன மூச்சுத் திரும்பி வந்தது.

“ஓம் ஹாஜியார், ஓம்.”

“அந்தக் கள்ளனுக்கு வாய் நிறைய சங்கைக்குரிய போடுறாய். உனக்கு வீடு தந்த எனக்கு ஒரு இடத்திலயாவது போட்டியா?” ஹாஜியாரின் குரல் தழுதழுத்தது.

“நீங்க நாவல்ல இல்லியே ஹாஜியார்!”

“அதத்தான் நானும் சொல்றன். அடுத்த பதிப்புல அந்தப் பேர வெட்டிப்போட்டு என்ட பேரப் போடு.”

“சீமெந்து, காணி, மத்ததெல்லாம்?”

“மத்ததில கை வெக்காத. நல்லா, உள்ளபடி எழுதியிரிக்காய்.”