மருமகள் பக்கத்தைத் திறங்க

"அந்தப் பொண்ணு பக்கத்தைத் திறந்து காட்டுங்க டீச்சர். நான் பாக்கணும்."

சொல்லிக்கொண்டே சங்கிலி நாற்காலியை இழுத்துப் போட்டு, கம்ப்யூட்டருக்கு நேராகவே உட்கார்ந்துவிட்டார்.

சுபாஸ்ரீக்குத் திக்கென்றது. 2008-ல் கோம்பைக்கு ஆன்லைன் படிப்பு புதுசு. பல்கலைக்கழகத்தின் படிப்பு மையத்துக்கு அவள்தான் பொறுப்பு. ஆனால் மையம் நடக்கும் மாடி சங்கிலியுடையது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வேறு. பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸில் 'கல்வித் தந்தை' என்ற பட்டத்தோடு ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பவர்.

"எந்தப் பொண்ணுங்கய்யா?"

"என் மருமக நதியாதான். பி.காம் படிக்கிறேன்னு தினம் இங்கன வந்து உக்காருது. எப்ப வருது, எப்பப் போகுது, என்ன மார்க் வாங்குது, யார் யாருக்கு என்ன எழுதுது... எல்லாம் அதுக்குள்ள பதிவாகுமாம்ல?"

"ஆகும்யா."

"அப்பத் தட்டுங்க பட்டனை."

தட்டினால் வந்துவிடும். எல்லார் பக்கத்தையும் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. போன வாரம்தான் நதியா தேர்வில் கோட்டை விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து அழுதாள். "வீட்ல தெரிஞ்சா படிப்பை நிறுத்திருவாக அக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுபாஸ்ரீக்கு முன்பு இந்தப் பொறுப்பில் இருந்தவர் மாணவர்களின் பேர், மார்க், போன் நம்பர் எல்லாவற்றையும் அச்சடித்துக் கதவில் ஒட்டி வைப்பார். கீழே டீ குடிக்க வந்தவர்கள்கூட மேலே ஏறிப் படித்துவிட்டுப் போவார்கள். சொர்ணலதா என்ற பெண் ஃபெயிலான விஷயம், அவளுக்குத் தெரியும் முன்பே மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துபோய், அவள் படிப்பே நின்றது. வந்த முதல் நாளே சுபாஸ்ரீ அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. அவுக விவரம் அவுகளுக்கு மட்டும்தான்."

"ஃபீஸ் கட்டுனது நானு."

"படிக்கிறது நதியாங்கய்யா."

"நான் என்ன ரோட்டுல போறவனா? அது என் வீட்டு மருமக!"

"அவுக வீட்டுக்காரரே வந்து கேட்டாலும் இதேதான்யா சொல்லுவேன்."

சங்கிலி மீசையைத் தடவினார். "நான் ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மாடியக் காலி பண்ணணும். தெரியும்ல?"

அடுத்த வாரம் பரீட்சை. இத்தனை பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது? ஒரே ஒரு தட்டு. நதியாவுக்குத் தெரியவா போகிறது? கைகூட மௌஸ் பக்கம் போய்விட்டது.

சட்டென்று மானிட்டரை அணைத்தாள்.

"காலி பண்ணச் சொன்னா பண்ணிடுறோம்யா. ஆனா காட்ட மாட்டேன்."

எப்படியோ சொல்லிவிட்டாள். சொல்லிய பிறகு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சங்கிலி எழுந்தார். வாசலுக்குப் போய்ப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. திரும்பி வந்து பொத்தென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா!"

சுபாஸ்ரீ விழித்தாள்.

"கோவிச்சுக்காத தாயி, சோதிச்சுத்தான் பாத்தேன். சின்னமனூர்ல ஒரு மையத்துக்குப் போயி, சும்மா என் மச்சான் மகன் மார்க்கைக் கேட்டேன். ஒரு டீ வாங்கிக் குடுத்ததுக்கு, அந்த ஆளு மொத்த வகுப்பு மார்க்கையும் காட்டிட்டான்! அவனை நம்பி எப்படிச் சேர்றது?"

"அப்ப நதியா..."

"அது பாட்டுக்குப் படிக்கட்டும். மார்க்கு எனக்கு எதுக்கு?"

சுபாஸ்ரீக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, யாருங்கய்யா சேரணும்?" என்றாள்.

சங்கிலி மறுபடி ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து மேசையில் வைத்தார். போட்டோவில் அவரேதான், தலையைப் படிய வாரிக்கொண்டு விறைப்பாக இருந்தார்.

"ஊருக்குள்ள பி.யூ.சி. படிச்சவன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன். நெசத்துல அஞ்சாப்போட நின்னவன் தாயி. பள்ளிக்கூடம் முடிக்காதவுகளுக்கும் ஒரு படிப்பு இருக்காம்ல, அதுல என்னையச் சேத்துவிடுங்க. நதியா வராத நேரமாப் பாத்து வந்துக்கிறேன்."

குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் புள்ளையே வந்து கேட்டாலும் எம்பக்கத்தத் திறந்து காட்டிராதீக!"