அளவு சரியில்லாத செருப்பு

மில் வேலையை விட்டுச் சொந்த வேனில் கூரியர் ஓட்டத் தொடங்கிய பிறகு, மயில்சாமி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்ததே இல்லை. பார்சல் எந்தத் தெருவுக்கோ அந்தத் தெருவுக்குத்தான் வண்டி போகும். ஒருநாள் அவன் வீட்டுக்கே ஒரு பார்சல் இருந்தது, மனைவி துளசிமணியின் பெயரில். கொண்டுபோய்க் கொடுத்தபோது தட்டில் சோறு தயாராக இருந்தது. பெட்டிக்குள் செருப்பு. அவள் காலுக்கு ரொம்பப் பெரிது. "அளவு பார்த்து வாங்க மாட்டியா?" என்றான், ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே. "திருப்பி அனுப்பிக்கலாமுங்க" என்றாள். அதைத் திருப்பி எடுத்துப்போகும் வேலையும், அந்தப் பகுதிக்கு ஓடுகிறவன் என்பதால், அவனுக்கே வந்தது. அன்று கத்தரிக்காய்க் குழம்பு. அடுத்த வாரம் வந்த செருப்பில் அவள் கால் நுழையவே இல்லை. அதை எடுக்கப் போன அன்று மோர் ஊற்றியபடி கேட்டாள்: "மில்லுல மறுபடி கூப்புடறாங்களாமே. இந்த ஓட்டம் கட்டுபடியாகுதுங்களா?"

"டீசலுக்கே சரியாப் போகுது. மில்லுக்கு யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

மூன்றாவது செருப்பு, அளவெடுத்துத் தைத்ததுபோல் அவள் காலில் உட்கார்ந்தது. அடுப்படி வரை நடந்துவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. "சரியா இருக்குதுங்களே" என்றாள்.

மயில்சாமி சாப்பிட்ட கையைக் கழுவாமலே அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தான். இடது கையால் அவள் குதிகாலைத் தொட்டுப் பார்த்தான்.

"இல்ல துளசி, இங்க கடிக்குது பாரு."