பன்னிரண்டு டப்பா

"பன்னெண்டு மணியானா டப்பா எல்லாத்தையும் எரிச்சாகணும் ஐயா. என்கிட்டக் கெஞ்சி என்ன பிரயோஜனம்?" என்றாள் ஆய்வகப் பெண்.

ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றவருக்கு ஐம்பது வயதிருக்கும். பல நாள் மழிக்காத தாடி. "எரிச்சிருவீங்களா?" என்றார்.

அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான். மூன்றாம் மாடியில் ஒரு பெண் நான்கு மாதமாகப் பேதி நிற்காமல் துரும்பாகிக் கிடக்கிறாள். எந்த மருந்தும் எடுபடவில்லை. ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து அவள் குடலில் செலுத்தினால் பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் நம்பினார். அந்தக் கிருமிகள்தான் பன்னிரண்டு டப்பாவில் உறைந்து கிடந்தன.

பெண்ணின் அப்பா இன்று வெளியூரிலிருந்து வருவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். பாவம், வந்ததும் வராததுமாக இந்தச் செய்தி!

"குடுத்தவன் ரெண்டு மாசம் கழிச்சு வந்து திரும்ப ரத்தம் குடுக்கணும். அவனுக்கு எந்த வியாதியும் இல்லைன்னு தெரிஞ்சாத்தான் உங்க பொண்ணுக்கு ஏத்த முடியும். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அம்மா, நான்…" என்று ஆரம்பித்தார். அவள் பேச விட்டால்தானே!

"எத்தனை ஃபோன், எத்தனை மெசேஜ்! 'கண்டிப்பா வர்றேன்க்கா'ன்னு பல்லைக் காட்டிட்டுப் போனான். இப்பக் கம்பி நீட்டிட்டான். பொறுப்பில்லாத ஜென்மம்!"

அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினார். "என் ரத்தத்தை எடுத்துப் பாருங்கம்மா. அது ஆகாதா?"

"உங்க ரத்தத்தை வச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?"

"டப்பால இருக்கிறது இன்னும் உயிரோடதானே இருக்கு?"

"இருக்கு."

"உயிரோட இருக்கிறதை எப்படிம்மா எரிக்க மனசு வரும்?"

அவள் ஃபோனை எடுத்தாள். "இருங்க, கடைசியா ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன்."

"வேண்டாம்மா. அவன் வர மாட்டான். போன மாசம் லாரி மோதி, அந்த இடத்துலயே போயிட்டான்."

"ஐயையோ! உங்களுக்கு யார் சொன்னது?"

"நான் அந்தப் பொண்ணோட அப்பா இல்லைம்மா, அவனோட அப்பா."