யார் கைக்குப் பொருந்தும்?

“என் கையைப் பார்க்காதீங்க மாமா. தங்கச்சி கைக்கு எது வசதியோ அப்படியே போட்டுடுங்க” என்றாள் பெரியவள், போனில்.

கிட்டார் செய்யும் விசிறிக்காரர் ‘சரிம்மா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். காலையில்தான் சின்னவள் கூப்பிட்டிருந்தாள். அக்கா கைக்குப் பார்த்துப் போடுங்கள், நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறை. வாரக்கணக்கில் இதே பாட்டுத்தான். இவள் பேச்சைக் கேட்டு வரைந்தால் அவள் அழிக்கச் சொல்வாள், அவள் பேச்சைக் கேட்டு வரைந்தால் இவள். ரப்பர் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவர் செய்வது சாதாரண கிட்டார் இல்லை. தடித்த கம்பிக்கு நீளம் அதிகம், மெல்லிய கம்பிக்குக் குறைவு. அதனால் விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் ஃப்ரெட்டுகள் என்ற உலோகப் பட்டைகள் ஏணிப்படி போல நேராக நிற்காமல், விசிறி மடிப்பு போலச் சாய்ந்து விரியும். வாத்தியக்காரர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்ததே இதனால்தான். அத்தனை சாய்வுக்கும் நடுவில் ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் நேராக நிற்கும். அது எங்கே நிற்கிறது என்பதில்தான் வம்பே. தலைப்பக்கம் நின்றால், அங்கேயே நாலைந்து கம்பியைச் சேர்த்து அழுத்திக் கார்டு பிடித்து வாசிக்கும் பெரியவளுக்கு மணிக்கட்டு நோகாது. ஆனால் கிட்டாரின் உடலை ஒட்டி ஓடி ஓடி வாசிக்கும் சின்னவள் விரலை ஒடித்துக்கொள்ள வேண்டியதுதான். உடல் பக்கம் தள்ளினால் பெரியவள் பாடு திண்டாட்டம்.

இவர்களுடைய அப்பா பேண்ட் மாஸ்டர். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே கிட்டார் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்ல கருங்காலிப் பலகையும் விசிறிக்காரர் கையில் ஒன்றுதான் இருந்தது. அதில் ரம்பம் ஓடிவிட்டால் ஓடியதுதான். ஃப்ரெட்டுக்காக வெட்டிய பள்ளத்தை யாராலும் நகர்த்தி வைக்க முடியாது.

“ஏதாவது ஒண்ணை அறுத்துத் தள்ளுங்களேன். கண்ணு ரெண்டும் குழி விழுந்துபோச்சு” என்றாள் மனைவி, ஆறிப்போன காபியை எடுத்துக்கொண்டே.

“எப்படி அறுக்கிறது சொல்லு. நம்ம பசங்க ரெண்டு பேரும் ஒரு பைக்குக்காக முகம் பார்க்காம இருக்கானுங்க. இந்தப் பொண்ணுங்களைப் பாரு, ஒருத்திக்காக ஒருத்தி உசுரை விடுது. இதுல யார் கையை நான் வலிக்க வைக்கட்டும்?”

சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வரவர எதற்கெடுத்தாலும் இப்படித்தான் ஆகிறது. அலுப்பு, வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட்டார். தடித்த கம்பியின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்தார். மெல்லிய கம்பிக்குக் கொஞ்சம் கூட்டினார். நேராக நிற்கும் ஃப்ரெட்டை நடுவுக்குக் கொண்டுவந்தார். வரைந்ததை ஒரு பழைய கிட்டாரின் கழுத்தில் ஒட்டி, பெரியவளாக ஒரு தடவையும் சின்னவளாக ஒரு தடவையும் பிடித்துப் பார்த்தார். சரிவரவில்லை. திரும்பவும் வரைந்தார். முதுகு விண்விண் என்று தெறித்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடிந்தது. எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்ட பிறகு, ஒருவழியாகச் சாய்வு இரண்டு பக்கமும் விரலை உறுத்தாத அளவுக்கு அடங்கியது. அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டார்.

கிட்டாரை வாங்கிக்கொள்ள அப்பாவும் பெண்களும் சேர்ந்தே வந்தார்கள். பேண்ட் மாஸ்டர் பெருமையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெரியவளிடம் கொடுத்தார்.

அவள் ஒரு கார்டு பிடித்தாள். உடனே முகத்தைச் சுளித்தாள். மணிக்கட்டு வலிக்கிறது, இது தங்கச்சி கைக்குத்தான் சரி என்றாள். விசிறிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. எங்கே போகப்போகிறது அந்தக் குணம்?

“கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் பின்னால வைம்மா. தோளைத் தளர்த்து. இப்போ பிடி” என்றார். கார்டு சுத்தமாக ஒலித்தது.

சின்னவள் வாங்கி, உடல் பக்கமாக நாலு சுரம் ஓடி நாலையும் தப்பினாள். எனக்குத்தான் எட்டவில்லை, அக்காவுக்கு நன்றாகத்தானே வந்தது என்றாள். விசிறிக்காரர் விடவில்லை. தோள்வாரைச் சுருக்கி மாட்டிவிட்டார், முழங்கையை உடம்போடு சேர்த்து வைக்கச் சொன்னார். இன்னொரு தடவை வாசி என்றார். இந்த முறை அவள் நினைத்தாலும் விரல் தப்ப மாட்டேன் என்றது.

“சும்மா சும்மா விட்டுக்கொடுக்காதீங்கம்மா” என்றார் அவர். “ரெண்டு பேர் கைக்கும் அளந்து செஞ்சது. எனக்குத் தெரியாதா?”

இத்தனை நாள் அலுப்பும் அந்த நிமிஷம் இறங்கிப்போனது போல இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நிச்சயமாவா? ரெண்டு பேருக்குமே சரியா உட்காருதா?” என்று கேட்டார் பேண்ட் மாஸ்டர்.

“சந்தேகமே வேண்டாம்.”

பேண்ட் மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க நல்லா இருக்கணும். ரெண்டும் வெளியூர்ல வேலை வாங்கிட்டு வந்து நின்னுதுங்க. கிட்டார் யார் கைக்கு உட்காருதோ அவ இங்கயே இருந்து என்கூட பேண்டைப் பார்க்கட்டும், மத்தவ போகட்டும்னு இதுங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன். இனிமே ஒருத்தியும் போக வேண்டியதில்லை.”

விசிறிக்காரர் மெல்லத் தலையைத் திருப்பினார். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.