சுவரில் சாய்ந்தவள்

படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் தையல்காரி போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், சரியாக அந்த இடத்தில்.

முந்தாநாள்தான் ஓனர் ஆள் வைத்து அங்கே பெயின்ட் அடித்திருந்தார். அடுத்த வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் மேலே எத்தனை தடவை பூசினால் என்ன? காலையில் பார்த்தால் கொப்புளம் கொப்புளமாக உப்பிக்கொண்டு, கறுப்புப் பூஞ்சை எட்டிப் பார்த்தது. பீரோவை நகர்த்தி மறைக்கலாமென்றால் கதவு திறக்காது. காலண்டரை மாட்டிப் பார்த்தாள். அதுவும் நனைந்து சுருண்டது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். முதுகால் மறைப்பதுதான் புதிது.

ஓனருக்குப் பின்னால் ஓர் இளம் ஜோடி உள்ளே வந்தது. கணவன் வந்ததும் வராததுமாக ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். மனைவியின் தோளில் ஒரு கைக்குழந்தை.

இவர்களுக்கு வீடு பிடித்தாக வேண்டும். புது ஆள் வந்தால்தான் அட்வான்ஸைத் திருப்பித் தருவேன் என்று ஓனர் சொல்லிவிட்டார். அது வந்தால்தான், டோக்கன் கொடுத்து வைத்திருக்கும் வீட்டின் சாவி கிடைக்கும். அங்கே போனால்தான் மகளால் ஒழுங்காக மூச்சுவிட முடியும். முதலில் வீட்டை மாற்றுங்கள், மருந்தை அப்புறம் மாற்றலாம் என்று டாக்டரே கையை விரித்துவிட்டார்.

மகள் இப்போது பக்கத்துத் தெருவில் அத்தை வீட்டில் இருந்தாள். இருமல் சத்தம் இவர்கள் காதில் விழக்கூடாதென்று அனுப்பியது தையல்காரியேதான். பிள்ளை உறிஞ்சித் தீர்த்த இன்ஹேலர்களைத் தையல் மிஷின் டிராயருக்குள் தள்ளி மூடியதும் அவளேதான். ஓனர்கூட அவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார்.

வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது மரியாதை இல்லைதான். ஆனால் இந்தக் காலத்தில் யார் எழுந்து வந்து உபசரிக்கிறார்கள்? போன ஞாயிறு அந்தப் புது வீட்டைப் பார்க்கப் போனபோது, காலி செய்யப்போகிற அம்மாள் படுக்கையறை மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். முட்டி வலியாம். திரும்பி வரும் வழியெல்லாம் தையல்காரி அவளை மகாராணி, மகாராணி என்று கணவனிடம் கேலி பேசிச் சிரித்தாள்.

“வீடு நல்லாத்தானே இருக்கு? ஏன்க்கா காலி பண்றீங்க?”

கேட்டது குழந்தைக்காரி. ஓனர் உடனே மின்விசிறியை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுக்காரருக்கு வேலை மாறிடுச்சும்மா. இல்லைன்னா இந்த வீட்டை விட்டுப் போக மனசே வராது.”

எவ்வளவு அழகாக வந்தது! ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. யாரோ தைத்து வைத்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. தனக்கு இவ்வளவு நன்றாகப் பொய் வருமென்று அவளுக்கே தெரியாது.

அடுப்படியைப் பார்த்துவிட்டு வருகிறேன், கொஞ்சம் பிடியுங்கள் என்று அந்தப் பெண் குழந்தையை நீட்டினாள். தையல்காரி சுவரை விடாமல் கையை மட்டும் நீட்டினாள். பாவம், அவளே இரண்டடி கிட்டே வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

குழந்தை இவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் மூச்சு வந்தது, போனது. விசில் இல்லை, இழுப்பு இல்லை. மகளின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டே பழகிப்போனவளுக்குச் சத்தமில்லாத மூச்சு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

சொல்லிவிடலாமென்று வாய்வரை வந்தது. உள்ளே அந்தப் பெண், வெளிச்சம் நன்றாக வருகிறது என்று கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓனர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கி இவளைப் பார்த்தார். மிரட்டவில்லை. பார்த்தார், அவ்வளவுதான்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொன்னவன் சொந்த வீட்டில் இருந்திருப்பான். தையல்காரி வாயை மூடிக்கொண்டாள்.

வீடு பிடித்துவிட்டது. அட்வான்ஸ் பேச எல்லோரும் கீழே கிளம்பினார்கள். குழந்தையை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், ரொம்ப அசதியாகத் தெரிகிறீர்கள் அக்கா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பதில் இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

கதவைச் சாத்தியதும் அவள் சுவரிலிருந்து பிரிந்தாள். முதுகுத் துணி ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது, கொஞ்சம் பெயின்டோடு.

வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது? இனி மகள் தூங்குவாள். புது வீட்டில் காற்றும் வெயிலும் தாராளம். அந்த மகாராணியே நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயாரச் சொன்னாளே. மகன் வேறு ஊருக்குக் கூப்பிடுகிறான், அதனால்தான் போகிறோம்,

“இல்லைன்னா இந்த வீட்டை விட்டுப் போக மனசே வராது.”

தையல்காரி மறுபடியும் சுவரில் சாய்ந்தாள்.

போன ஞாயிறு அங்கிருந்து கிளம்பித் தெருமுனை திரும்பும்போது அவள் ஒரு தடவை அந்த வீட்டைத் திரும்பிப் பார்த்திருந்தாள். காயப்போட்ட துணிகளை எடுக்க, முட்டி வலிக்காரி மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிக்கொண்டிருந்தாள்.