முன்வரிசை ரசிகை

ஊர் நாடகத்தில் பேயாக நடித்த எலக்ட்ரீஷியன், திரைக்குப் பின்னாலிருந்து பாய்ந்தபோது, விளக்குக்காகத் தானே அடித்த ஆணியில் மாட்டிச் சட்டையைத் தோளோடு கிழித்துக்கொண்டார். அரங்கமே சிரித்தது. எலிகூடப் பயப்படவில்லை.

சிரிக்காதவர் முன்வரிசை அம்மா ஒருவர்தான். நாடகம் நடந்த மூன்று நாளும் வந்து கண்ணெடுக்காமல் பார்த்தவர். அந்த ஒரு ரசிகையை நம்பித்தான் எலக்ட்ரீஷியன் அடுத்த நாடகத்தில் கதாநாயகன் வேடம் கேட்பதாக இருந்தார்.

நாடகம் முடிந்ததும் அந்த அம்மாவே ஊசிநூலோடு வந்தார்.

"கழட்டாதீங்க தம்பி. போட்டபடியே நில்லுங்க, தச்சிடறேன்."

"என் நடிப்பு அவ்வளவு பிடிச்சிருக்காம்மா? மறைக்காம சொல்லுங்க, சிபாரிசுக்கு ஆகும்."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"உங்க மூஞ்சியை நான் பார்த்ததே இல்ல தம்பி. இது என் மகன் சட்டை. அவன் தவறினதும் நான்தான் நாடகத்துக்குக் கொடுத்தேன். இதைப் போட்டுக்கிட்டு ஒருத்தர் நடக்கறதைப் பார்க்கத்தான் தினமும் வர்றேன்."