மூட்டையிடம் சொன்னது

பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். கேமரா வாடகைக்கென்று மகள் இசக்கி, அப்பா சுடலைமுத்துவிடம் வாங்கிய கடன் அது. சிமெண்ட் குடோனில் மூட்டை சுமக்கிறவரைத் தன் படத்தில் அப்பாவாகவும் நடிக்க வைத்தாள். கோபித்துக்கொண்டு போன மகளைத் திரும்பக் கூப்பிடுகிற காட்சிக்கு, அவர் மீசைக்கு மை அடித்து, புதுச் சட்டை போட்டு நின்றார்.

இன்று திரையில் அந்தச் சட்டை வரவே இல்லை. வந்தது, படப்பிடிப்புக்கு முந்தின நாள் குடோனில் யாரும் இல்லையென்று நம்பி அவர் ஒத்திகை பார்த்தது. ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் தலையில் துண்டைப் போர்த்தி, டீ கிளாஸை நீட்டுகிறார். "சாப்பிட்டியா தாயி? நீ பட்டணம் போனதுக்கப்புறமும் ரெண்டு தட்டுதான் கழுவி வைக்கேன்." எழுதிக் கொடுத்த வசனத்தில் அது கிடையாது. மூட்டை சரிகிறது, டீயோடு பதறிப்போய்க் கட்டிப் பிடிக்கிறார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது.

வெளியே வந்ததும் கேட்டார்: "அன்னைக்கு நீ கதவுக்குப் பின்னாலதான் நின்னியா?"

"ஆமாப்பா. அதுதான் நிஜமா இருந்துச்சு. எப்படிக் கைதட்டுனாங்க, பாத்தீங்களா!"

"நான் கேட்டது உன்னையத்தான் தாயி. பதில் சொல்லாம படமா புடிச்ச?"

இசக்கி பையைத் திறந்தாள். கடனுக்கென்று எண்ணி வைத்திருந்த பணக்கட்டை எடுத்து நீட்டினாள். அவர் அதை அவள் பைக்குள்ளேயே திணித்தார்.

"வச்சுக்க. இனி நீ எனக்கு ஒண்ணும் தர வேண்டியதில்ல."